ஆறி ஆறி உடையும் மச்சம்

"கண்ணாடி உரசுது, அதான் புண்ணாயிடுச்சு." "சவரம் பண்ணும்போது பிளேடு பட்டுடுச்சு." "சீப்பு இடிச்சிக்கிட்டே இருக்கு." தோல் மருத்துவரின் அறையில் தமிழில் அடிக்கடி காதில் விழும் விளக்கங்கள் இவை. ஒன்றுகூடப் பொய்யில்லை. கண்ணாடி உரசியிருக்கும், பிளேடும் பட்டிருக்கும். ஆனால் நல்ல தோலில் பட்ட வெட்டு பத்து நாளில் ஆறிவிடும். ஆறு மாதமாக அதே இடத்தில் வெட்டுப்படுகிறது என்றால், பிளேடு அங்கே எதிலோ இடறுகிறது என்று பொருள்.

அது பெரும்பாலும் சாதாரண மருவாகத்தான் இருக்கும். சில சமயம் பேசல் செல் கார்சினோமாவாக இருக்கும். மேல்தோலின் அடிவரிசை உயிரணுக்களைப் போன்றவை கட்டுமீறிப் பெருகுவதால் வரும் தோல் புற்றுநோய் இது. தோல் புற்றுநோய்களில் உலகில் அதிகம் காணப்படுவது இதுதான், சிங்கப்பூரிலும் அப்படியே. மெதுவாக வளரும். இரத்தத்தின் வழியாகவோ நெறிக்கட்டுகளின் வழியாகவோ வேறு உறுப்புக்குப் பரவுவது மிக மிக அரிது. "அப்படியானால் பயமில்லை" என்று விட்டுவிடவும் முடியாது. பரவாதே தவிர, இருக்கும் இடத்தைத் தின்னும். மூக்கின் குருத்தெலும்பு, கண் இமை, காது மடல் எல்லாம் கரையும். டப்ளின் மருத்துவர் ஆர்தர் ஜேக்கப் 1827இல் இமையை அரிக்கும் இந்தப் புண்ணைப் பற்றி எழுதினார். எலி கொறித்ததுபோல் இருப்பதால் பின்னாளில் ஆங்கிலத்தில் அதற்கு 'எலிப்புண்' என்றே பெயர் விழுந்தது.

"நம்ம கலருக்கு அதெல்லாம் வராது" என்பது பாதி உண்மை. சிங்கப்பூர்ப் புற்றுநோய்ப் பதிவேட்டின் பல்லாண்டுக் கணக்குகளைப் பார்த்தால் சீனர்களிடம் அதிகம், மலாய்க்காரர்களிடமும் இந்தியர்களிடமும் குறைவு. நம் தோலுக்கு நிறம் தரும் மெலனின் என்ற நிறமி கொடுக்கும் பாதுகாப்பு அது. ஆனால் நாம் வாழ்வது நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றேகால் பாகைதான் தள்ளி. வானம் தெளிந்த நண்பகலில் இங்கே புற ஊதாக் குறியீடு 11ஐத் தாண்டுவது புதிதல்ல. முப்பது நாற்பது வருடம் வெயிலில் நின்று வேலை பார்த்த தோலுக்கு மெலனின் குடைதான், கூரை அல்ல.

அரிது என்பதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. நம் தோலில் அது வேறு முகத்தோடு வரும்.

இணையத்தில் தேடினால் வரும் படங்களில் இளஞ்சிவப்பாக, முத்துப்போல் பளபளக்கும் ஒரு கட்டி, அதன்மேல் சிவந்த மெல்லிய இரத்த நாளங்கள். அது வெள்ளையர் தோல். பழுப்புத் தோலில் இந்தப் புற்றில் பாதிக்கு மேல் நிறமேறி வருகிறது. கருப்பு, கருநீலம், அடர்பழுப்பு. பார்த்தவுடன் மச்சம் என்றுதான் தோன்றும். ஆனாலும் அந்த முத்துப் பளபளப்பு முழுதாக மறைவதில்லை. நெய் தடவியதுபோல் மினுங்கும். ஓரம் உருண்டு தடித்து, நடுவில் குழி விழுந்திருக்கும். உளுந்து வடையை மிளகளவுக்குச் சிறுத்துப் பார்த்தால் எப்படியோ அப்படி. அந்தக் குழியில்தான் பொருக்கு கட்டும், உதிரும், கொஞ்சம் இரத்தம் கசியும், மறுபடி பொருக்கு கட்டும். நிறத்தை நம்பாமல் இந்த நடத்தையை நம்புங்கள். நான்கு வாரத்தில் முழுதாக ஆறாத எந்தப் புள்ளியும், ஆறியதுபோல் காட்டி அதே இடத்தில் மீண்டும் உடையும் எந்தப் புள்ளியும் மருத்துவர் கண்ணில் படவேண்டியது. வலி இருக்காது, அரிப்பும் பெரும்பாலும் இருக்காது. தலையணை உறையில் ஒரு பொட்டு இரத்தம், துவாலையில் ஒரு கறை, அவ்வளவுதான் சாட்சி. வலிக்காததால்தான் மாதங்கள் ஓடிவிடுகின்றன.

இந்தப் புற்றில் பத்தில் எட்டு தலையிலும் கழுத்திலும்தான். மூக்கின் பக்கச் சரிவு, கண்ணின் உள்மூலை, கீழிமை, நெற்றிப்பொட்டு, காதுக்குப் பின்புறம், வகிடு, வழுக்கை விழுந்த உச்சி. கண்ணாடியின் மூக்குத் தாங்கி அமரும் இடத்தில் வந்தால் பழி கண்ணாடிமேல் விழும். மூக்குத்தித் துளை அருகில் வந்தால் "வைரம் ஒத்துக்கல" என்பார்கள். மூக்குத்தியைக் கழற்றி வைத்து, கண்ணாடியை மாற்றி, நான்கு வாரம் கழித்தும் அப்படியே இருந்தால் அந்தப் பழி பொய்.

வீட்டில் பார்ப்பதற்கும் முறை உண்டு. குளித்து முடித்து, காலை வெளிச்சத்தில் சன்னலோரம் உட்காருங்கள். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் புள்ளியின் இருபுறத் தோலையும் மெல்ல இழுத்துப் பிடியுங்கள். உருண்ட ஓரம் அப்போதுதான் வெளுத்துத் தெரியும். நேரே பார்ப்பதைவிடப் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் பளபளப்பு பிடிபடும். படம் எடுக்கும்போது ஃபிளாஷ் வேண்டாம், அது அந்த மினுக்கத்தை அழித்துவிடும். பக்கத்தில் ஒரு பத்துக் காசு நாணயத்தை வையுங்கள். இப்போதைய நாணயத்தின் விட்டம் 18.5 மில்லிமீட்டர், அளவு ஒப்பிட வசதி. இரண்டு வாரத்துக்கு ஒரு படம், அதே தூரம், அதே நேரம். இப்படி மூன்று படங்களோடு வருபவர் மருத்துவரின் வேலையில் பாதியை முடித்துக்கொடுத்துவிடுகிறார். பொருக்கைப் பிய்த்துப் பார்க்காதீர்கள். பிய்த்தால் எதுவும் இரத்தம் விடும், அதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை.

எதையெல்லாம் இதுவென்று எண்ணிப் பதறக்கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அத்தை பாட்டிமார் கன்னங்களில் கடுகு தெளித்ததுபோல் இருக்கும் சின்னக் கருமருக்கள் பரம்பரையாக வருபவை. பத்து இருபது இருக்கும், இரத்தம் விடாது, ஒன்றும் செய்யவேண்டாம். வயதானவர்களின் முதுகில் மெழுகை உருக்கி ஒட்டியதுபோல், நகத்தால் சுரண்டினால் கழன்றுவிடும்போல் இருப்பதும் தீங்கற்றதே. இளவயதிலிருந்து மாறாமல் கிடக்கும் மென்மையான மச்சமும் அப்படித்தான். இந்தப் புற்றிலேயே மயக்குவது வேறு இரண்டு வகை. ஒன்று, மேலோட்டமாகப் படரும் வகை. முதுகிலோ நெஞ்சிலோ செதில் செதிலாக, படைபோலவே இருக்கும். படைக்கான களிம்பைப் போட்டுப் போட்டு ஓராண்டு போய்விடும். உறவினர் கொடுத்த ஸ்டீராய்டு களிம்பு என்றால் இன்னும் மோசம், சிவப்பு அடங்கி 'குணமாகிறது' என்று ஏமாற்றும். படை அரிக்கும், இடம் மாறும், இரண்டு மூன்றாகும். இது ஒரே இடத்தில் அமர்ந்து மெல்ல அகலும். இன்னொன்று தழும்புபோல் வரும் வகை. காயமே படாத இடத்தில் வெளிறிய, இறுகிய, மெழுகுத் தழும்பு. கண்ணுக்குத் தெரிவதைவிட அடியில் அதிகம் பரவியிருக்கும் என்பதால் எல்லா வகையிலும் இதைத்தான் கண்டுபிடிக்கத் தாமதமாகிறது.

ஒரு கிளைச் செய்தி. உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடி ஆகிய இடங்களில் புதிதாக ஒரு கருமை பரவினால் அது வேறு கதை. மெலனோமா என்னும் கொடிய தோல் புற்றை ஆசியத் தோலில் தேடும் இடங்கள் அவை. அங்கே நான்கு வாரம் காத்திருக்க வேண்டாம். உதட்டிலோ காது மடலிலோ வேகமாக வளர்ந்து தொட்டால் வலிக்கும் தடித்த கட்டிக்கும் அதே அவசரம். அது ஸ்குவாமஸ் செல் கார்சினோமா என்ற இன்னொரு தோல் புற்றாக இருக்கலாம், பரவக்கூடியது.

இனிச் செய்யக்கூடாதது. இதில் கொஞ்சம் கடுமையாகவே பேசவேண்டியிருக்கிறது. மருவுக்குச் சுண்ணாம்பு வைப்பது, நூல் கட்டுவது, அம்மான் பச்சரிசிப் பாலைத் தடவுவது என்று நம் வீடுகளில் வழிவழியாக வைத்தியம் உண்டு. இப்போது அந்த வரிசையில் அழகு நிலையத்து 'மச்சம் நீக்கும்' லேசரும் சேர்ந்துகொண்டது. சாதாரண மருவில் இவற்றால் ஒரு தழும்போடு போகலாம். பேசல் செல் கார்சினோமாவில் நடப்பது என்ன? மேலே தெரிந்த பகுதி பொசுங்கும், தோல் மூடும், எல்லோரும் நிம்மதி அடைவார்கள். அடியில் மிச்சமிருப்பது தழும்புக்குக் கீழே சத்தமில்லாமல் பக்கவாட்டில் ஓடும். மீண்டும் மேலே வரும்போது எல்லை எங்கே என்று யாராலும் கோடு போட முடியாது. இதைவிடப் பெரிய இழப்பு, பொசுக்கிய எதையும் பரிசோதனைக்கு அனுப்ப முடியாது. இந்த நோய்க்கு இரத்தப் பரிசோதனை கிடையாது. ஸ்கேன் பார்த்துச் சொல்லவும் முடியாது. திசுத் துண்டு ஒன்றுதான் சாட்சி. யார் எதை நீக்கினாலும், "இதை லேபுக்கு அனுப்புவீர்களா?" என்று முதலில் கேளுங்கள். 'இல்லை' என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

வழி எளிதுதான். வீட்டுக்குப் பக்கத்துப் பலதுறை மருந்தகத்தில் ஹெல்த்ஹப் செயலி வழியாக நேரம் வாங்குங்கள். அங்கிருந்து பரிந்துரைக் கடிதத்தோடு மண்டலே சாலையிலுள்ள நேஷனல் ஸ்கின் சென்டருக்கோ பொது மருத்துவமனை ஒன்றின் தோல் பிரிவுக்கோ போனால் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் மானியக் கட்டணம் கிடைக்கும். கடிதமில்லாமல் நேரே சிறப்பு மருத்துவரிடம் போனால் தனியார் கட்டணம். மானிய வரிசை நீளம் என்பது தெரிந்ததே. அதனால்தான் கடிதத்தில் என்ன எழுதப்படுகிறது என்பது முக்கியம். "முகத்தில் மச்சம்" என்று மட்டும் இருந்தால் அழகுக்காக வந்தவர்களோடு உங்களையும் சேர்த்துவிடுவார்கள். எத்தனை மாதமாக இருக்கிறது, எத்தனை முறை தானாக இரத்தம் விட்டது, எவ்வளவு பெரிதாகியிருக்கிறது, இந்த மூன்றையும் சொல்லி எழுதச் சொல்லுங்கள். வேலை அனுமதிச் சீட்டில் இருப்பவர்களுக்கு முதலாளி எடுத்திருக்க வேண்டிய மருத்துவக் காப்பீடு பகல்நேர அறுவை சிகிச்சைக்கும் சேர்த்துத்தான். 2023 ஜூலை முதல் அதன் குறைந்தபட்ச வரம்பு ஆண்டுக்கு 60,000 வெள்ளி.

மருத்துவர் சில பழைய கதைகளைக் கேட்பார். உறுப்பு மாற்று சிகிச்சை செய்துகொண்டவரா, எப்போதாவது கதிர்வீச்சு சிகிச்சை எடுத்தவரா, நாட்டு மருந்து நெடுநாள் சாப்பிட்டவரா? கடைசிக் கேள்விக்குக் கூச்சப்பட்டு "இல்லை" என்று சொல்லிவிடாதீர்கள். 1970களில் சிங்கப்பூரிலேயே ஆஸ்துமாவுக்கு விற்ற சில மூலிகை மருந்துகளில் ஆர்சனிக் கலந்திருந்து பலருக்கு நஞ்சேறியது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. ஆர்சனிக் தோலில் காட்டும் விளைவு பல பத்தாண்டுகள் கழித்தும் வரும், வெயில் படாத முதுகிலும் வயிற்றிலும் பல இடங்களில் ஒரே சமயத்தில் வரும். உள்ளங்கையில் சோளமணிபோல் தடிப்புகள் இருந்தால் அதையும் காட்டுங்கள்.

சந்திப்பு நாளில் முகப்பூச்சு, பொட்டு, விபூதி, சந்தனம் எதுவும் வேண்டாம். தலையில் எண்ணெயும் அன்று ஒருநாள் வேண்டாம், முடிச்சாயம் அடிப்பதைத் தள்ளிப்போடுங்கள், நகப்பூச்சைக் கழற்றுங்கள். காட்ட வந்தது மூக்கில் இருந்தாலும் உடல் முழுவதும் பார்க்கக் கேட்பார்கள், அது சரிதான். பெண்கள் உடன் ஒரு தாதி இருக்கவேண்டும் என்று தயங்காமல் கேட்கலாம்.

மருத்துவர் கையில் இருப்பது டெர்மாஸ்கோப். சுமார் பத்து மடங்கு பெரிதாக்கி, தோலின் மேற்பரப்பு மினுக்கத்தை விலக்கி, சற்று அடியில் இருப்பதைக் காட்டும் கைவிளக்கு. மச்சம் என்றால் அதில் வலைப்பின்னல்போல் நிறக்கோடுகள் தெரியும். பேசல் செல் கார்சினோமாவில் அந்த வலை இருக்காது. அதற்குப் பதிலாக மரக்கிளைபோல் பிரியும் நாளங்கள், சாம்பல் நீலத்தில் முட்டை வடிவத் திட்டுகள், இலை வடிவங்கள், சக்கரத்தின் ஆரக்கால் போன்ற கோடுகள், சிறு புண் ஆகியவற்றில் ஒன்றாவது இருக்கும். நம் தோலில் சிவந்த நாளங்கள் வெறுங்கண்ணுக்கு ஒளிந்துகொள்வதால் சாம்பல் நீலத் திட்டுகள்தான் பெரும்பாலும் காட்டிக்கொடுக்கின்றன. இரண்டு நிமிட வேலை. "டெர்மாஸ்கோப்பில் பார்த்தீர்களா டாக்டர்?" என்று கேட்பது தவறே இல்லை.

அடுத்தது பயாப்சி, அதாவது திசுத் துண்டு எடுத்துப் பரிசோதிப்பது. பெயரைக் கேட்டதும் "கத்தி பட்டால் பரவிடும்" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள். பரவாது.

பயாப்சி பெரும்பாலும் மூன்று வழிகளில் ஒன்று. பிளேடால் மேலாகச் சீவி எடுப்பது முதலாவது. மேடாக இருக்கும் கட்டிக்கு அது போதும், தையலும் தேவையில்லை. வட்டக் கத்தியைச் சுழற்றி 3 அல்லது 4 மில்லிமீட்டர் அகலத்தில் முழு ஆழத்துக்கும் ஒரு குச்சிபோல் எடுப்பது 'பஞ்ச்' பயாப்சி. ஒன்றிரண்டு தையல் விழும். சிறியதாக, வசதியான இடத்தில் இருந்தால் முழுவதையுமே எடுத்து அனுப்பிவிடுவது மூன்றாவது. இந்தத் தேர்வு முக்கியம். தழும்பு வகை என்று சந்தேகம் இருக்கும் இடத்தில் மேலாகச் சீவினால் அடியில் வேர்விட்டிருப்பது துண்டில் வராது, அறிக்கை தவறான ஆறுதல் தரும். எந்த முறை, ஏன் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், வார்ஃபரின் போன்ற இரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அதை முன்கூட்டியே சொல்லவேண்டும். தாமாக நிறுத்தக்கூடாது. சிறு பயாப்சிக்கு நிறுத்தவேண்டிய தேவை பெரும்பாலும் வராது. நிறுத்தியதால் வரும் பக்கவாதத்துக்கு முன் இந்தக் கசிவு ஒன்றுமே இல்லை. மீன் எண்ணெய், பூண்டு மாத்திரை போன்றவற்றையும் பட்டியலில் சேர்த்துச் சொல்லுங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள், இரத்தத்தை நிறுத்த மின்சூட்டுக் கருவி வைப்பார்கள்.

மரத்துப்போகும் ஊசி லிக்னோகேய்ன். முதல் பத்து விநாடி சுருக்கென்று எரியும், அதோடு சரி. அதில் அட்ரினலின் கலந்திருந்தால் சுற்றுத்தோல் வெளுக்கும், சிலருக்கு நெஞ்சு படபடக்கும். அது மருந்தின் வேலை, மயக்கம் அல்ல. எடுத்த துண்டு ஃபார்மலின் குப்பிக்குள் போகும். குப்பியில் ஒட்டும் சீட்டில் உங்கள் பெயரும் எந்தப் பக்கம் என்பதும் சரியாக இருக்கிறதா என்று நீங்களே ஒருமுறை பாருங்கள். பல இடங்களில் எடுத்தால் இது இன்னும் முக்கியம். எடுக்கும் முன் புள்ளியைக் கைபேசியில் படமெடுத்து வைப்பதும் நல்லது. சின்னக் கட்டி என்றால் பயாப்சிக் காயம் ஆறியபின் இடமே தெரியாது, பிறகு அறுவை செய்பவர் தேடுவார்.

வீட்டுக்கு வந்தபின் முதல் நாள் நனைக்கவேண்டாம். பிறகு தினமும் கழுவி, வாசலின் தடவி, மூடி வைத்தால் போதும். "காய விடணும்" என்பது பழைய எண்ணம், ஈரப்பதத்தில்தான் தோல் சீக்கிரம் கூடும். மஞ்சள் பூசவேண்டாம். இரத்தம் கசிந்தால் சுத்தத் துணியால் பதினைந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் "நின்னுடுச்சா" என்று எடுத்துப் பார்ப்பதால்தான் நிற்பதில்லை. முகத்துத் தையல் ஐந்து முதல் ஏழு நாளில் பிரிப்பார்கள், முதுகு, கை கால் என்றால் பத்து முதல் பதினான்கு. நம் தோல் நெஞ்சிலும் தோளிலும் கெலாய்டு என்னும் தடித்த தழும்பு போடக்கூடியது. முன்பு அப்படி வந்திருந்தால் கத்தி எடுக்கும் முன்பே சொல்லுங்கள்.

ஆய்வகத்தில் துண்டை மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கு அளவுக்கு மெல்லிய சீவல்களாக்கி, சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். நீலம் பாய்ந்த உயிரணுக் கூட்டங்கள், அவற்றின் ஓரத்தில் வேலிக்கம்புகள்போல் வரிசையாக நிற்கும் உட்கருக்கள், கூட்டத்துக்கும் சுற்றுத் திசுவுக்கும் நடுவே ஒரு பிளவு. இதுதான் கையெழுத்து. முடிவு வர ஒன்றிரண்டு வாரம் ஆகலாம்.

அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். 'புற்றுதான்' என்ற சொல்லோடு நிற்காமல், எந்த வகை என்ற வரியைத் தேடுங்கள். நாடியூலர், சூப்பர்ஃபிஷியல் என்றால் மென்மையான வகை. இன்ஃபில்ட்ரேட்டிவ், மார்ஃபியிக், மைக்ரோநாடியூலர் என்றால் வேர் ஓடும் வகை. நரம்பைச் சுற்றி ஊடுருவல் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். பயாப்சி அறிக்கையில் 'ஓரங்களில் புற்று இருக்கிறது' என்று எழுதியிருந்தால் பதறவேண்டாம். மாதிரிதானே எடுத்தார்கள், ஓரத்தில் இருக்கத்தான் செய்யும். அந்த வரிக்கு மதிப்பு முழு அறுவைக்குப் பிந்தைய அறிக்கையில்தான்.

இதற்கு நேரெதிரான நிலைமையில்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். அறிக்கை 'அழற்சி மட்டும்', 'புண் மட்டும்' என்று வருகிறது, வீட்டில் பாயசம் வைத்தாகிவிட்டது, புள்ளியோ இன்னும் உடைந்துகொண்டே இருக்கிறது. நடுப்புண்ணிலிருந்து மட்டும் துண்டு எடுத்திருந்தால் இப்படி நேரலாம். காகிதமும் தோலும் முரண்பட்டால் தோலைத்தான் நம்பவேண்டும். ஆறு வாரத்தில் ஆறாவிட்டால் திரும்பிப் போய், உருண்ட ஓரத்தையும் சேர்த்து மறுபடி எடுக்கச் சொல்லுங்கள்.

உறுதியானபின் வரும் சிகிச்சை தனிக் கட்டுரைக்குரியது. சுருக்கமாக: இரண்டு சென்டிமீட்டருக்குக் குறைந்த, மென்மையான வகைக்குச் சுற்றிலும் சுமார் 4 மில்லிமீட்டர் நல்ல தோலோடு வெட்டி எடுப்பார்கள். மூக்கு, இமை, காது, உதடு சுற்றிய பகுதிக்கோ வேர் ஓடும் வகைக்கோ மோஸ் அறுவை பற்றிக் கேளுங்கள். அடுக்கடுக்காக எடுத்து, எல்லா ஓரத்தையும் அங்கேயே நுண்ணோக்கியில் பார்த்தபின் தைக்கும் முறை அது. மேலோட்ட வகைக்கு இமிக்குயிமோட் களிம்பு வாரம் ஐந்து நாள், ஆறு வாரம் போடுவதும் உண்டு. வழக்கமான நிலையில் உடல் ஸ்கேன் எதுவும் தேவைப்படாது. மெடிசேவ் மருத்துவச் சேமிப்பிலும் மெடிஷீல்டு லைஃப் காப்பீட்டிலும் எவ்வளவு எடுக்கலாம் என்பது அறுவைப் பட்டியலில் அந்தச் சிகிச்சை எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. நாள் குறிக்கும் முன்பே முகப்பில் மதிப்பீட்டுத் தாள் கேட்டு வாங்கிவிடுங்கள்.

ஒருமுறை வந்தவருக்கு உடலில் வேறோர் இடத்தில் இன்னொன்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். அதனால் ஆண்டுக்கொருமுறை முழு உடலையும் காட்டவேண்டும். இடைப்பட்ட மாதங்களில் உங்கள் உச்சந்தலையையும் காதுக்குப் பின்புறத்தையும் நீங்கள் பார்க்க முடியாது, முடிவெட்டுபவர் பார்ப்பார். அடுத்த முறை நாற்காலியில் உட்காரும்போது, "அண்ணே, எங்கேயாவது பொருக்கோ கருப்பாப் புதுசாவோ தெரிஞ்சா சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.